மெட்டு ஏறும் சாலை, மெட்டு இறங்கும் தண்ணீர்

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மேற்கே போகிற வழி எதுவானாலும் அது ஒரு மெட்டில்தான் போய் முட்டும். போடிமெட்டு, சாக்குலூத்து மெட்டு, கம்பம்மெட்டு. குமுளியின் பெயரில் மட்டும் அந்த ஒட்டு இல்லை, இருந்தாலும் அதுவும் மெட்டுதான். மலை செங்குத்தாக ஏறி முடிகிற விளிம்பை, அதற்கப்புறம் நிலம் இறங்காமல் மேட்டுநிலமாக நீண்டுபோகிற இடத்தை எங்கள் பக்கத்தில் மெட்டு என்பார்கள். மெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலக்காய், தேயிலை, கேரளம். இந்தப் பக்கம் நெல், திராட்சை, தென்னை. நடுவில் நிற்பது ஒரு சுவர். போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்குச் சுமார் 1,000 மீட்டர் ஏற்றம். அதைத் தாண்டத்தான் 17 கொண்டை ஊசி வளைவுகள்.

மெட்டு என்ற சொல்லைப் போலவே இந்தச் சரிவுகளில் திரும்பத் திரும்ப வரும் இன்னொரு சொல் உண்டு: ஊத்து. போடிமெட்டுச் சாலையில் புலியூத்து. தேவாரம் பக்கம் சாக்குலூத்து. லோயர் கேம்ப் அருகில் குருவனூத்து. சாலை போடுவதற்கு வெகுகாலம் முன்பே பொதிமாடு ஓட்டியவர்களும் பளியர்களும் வைத்த பெயர்கள் இவை. மலையின் வயிற்றிலிருந்து தண்ணீர் எங்கே வெளியே வருகிறது என்பதைப் பெயராகவே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பின்னால் திசைகாட்டியும் சாய்வுமானியும் எடுத்துக்கொண்டு வந்த பொறியாளர்களும் புவியியலாளர்களும் தேடியது இதையேதான்.

மலைச்சாலையின் வரலாற்றை யார் போட்டார்கள், எந்த ஆண்டு திறந்தார்கள், திறப்பு விழாவுக்கு எந்தத் துரை வந்தார் என்றுதான் நாம் வழக்கமாகச் சொல்லிவருகிறோம். எனக்கு அதில் பெரிய ஆர்வமில்லை. மலையை வெட்டிச் சாலை போட்ட மறுநாளிலிருந்து அது சரியத்தான் பார்க்கும். அப்படிச் சரியாமல் ஒவ்வொரு மழைக்காலமும் அதைப் பிடித்து நிறுத்தியது யார், எதை வைத்து நிறுத்தினார்கள் என்பதுதான் எனக்கு வரலாறாகப் படுகிறது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

முதலில் மழையைச் சொல்லிவிட வேண்டும். தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் கொட்டித் தீர்த்துவிட்டு மெட்டைத் தாண்டும்போது சாரலாக மெலிந்துவிடும். போடிக்காரர்கள் ஆடி மாதத்தில் மேற்கே பார்த்தால் மலையுச்சியில் மேகம் அப்பிக்கொண்டு நிற்கும். ஊரில் காற்று மட்டும் அடிக்கும். எங்கள் சரிவு கிழக்கு பார்த்தது. அதை முழுசாக நனைப்பது ஐப்பசி, கார்த்திகை மழை. அதனால் கொச்சியிலிருந்து மூணாறு, போடி, தேனி, மதுரை வழியாக வரும் இந்தத் தேசிய நெடுஞ்சாலைக்கு இரண்டு பஞ்சாங்கம். மூணாறு பக்கம் ஆடி, ஆவணியில் சரியும். போடி பக்கம் தீபாவளியை ஒட்டிச் சரியும். குமுளிப் பாதை கொஞ்சம் விலக்கு. அங்கே மலை தாழ்ந்திருப்பதால் தென்மேற்கு மழையும் உள்ளே நுழைந்துவிடும். 2018 ஆகஸ்டில் கேரளம் மூழ்கியபோது லோயர் கேம்புக்கும் குமுளிக்கும் இடையிலான 6 கிலோமீட்டர் மலைப்பாதையும் சரிந்து போக்குவரத்து நின்றது. வண்டிகள் கம்பம்மெட்டு வழியாகச் சுற்றிப் போயின.

*

சாலைக்கு முன்னால் பாதை இருந்தது. பாதைக்கும் சாலைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பலர் அகலம் என்று நினைக்கிறார்கள். அகலத்தைவிட முக்கியமானது, அது மலையில் எந்த இடத்தைப் பிடித்து ஏறுகிறது என்பது. மனிதனும் பொதிமாடும் எந்தச் சரிவிலும் ஏறும். எனவே பழைய பாதைகள் மலையின் முதுகெலும்பைப் பிடித்து நேரே போயின. சித்திரா பௌர்ணமிக்குப் பளியன்குடியிலிருந்து மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு ஏறியவர்களுக்கு இது காலால் தெரியும். மூச்சு வாங்கும், முழங்கால் நடுங்கும். ஆனால் முதுகில் போகிற பாதையில் தண்ணீர் இரண்டு பக்கமும் வடிந்துவிடும். பாதை அரித்துப் போனால் பக்கத்தில் நான்கு அடி தள்ளி இன்னொன்று விழும்.

வண்டிக்கு அப்படி ஏற முடியாது. மாட்டுவண்டி ஏற வேண்டுமென்றால் ஏற்றத்தை நீட்டிப் பரப்ப வேண்டும். பரப்பினால் சாலை மலையின் விலாவில் குறுக்கே போகும். விலாவில் குறுக்கே போனால் மேலிருந்து வரும் ஒவ்வொரு ஓடையையும் அது கடந்தாக வேண்டும். 17 வளைவு என்றால் ஒரே ஓடையை மேலும் கீழுமாக எத்தனை தடவை கடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். மேல் வளைவில் தடம் மாறிய தண்ணீர் கீழ் வளைவின் தலையில் வந்து விழும்.

சாலைக்காக வெட்டும்போது இன்னொன்றும் நடக்கிறது. களத்தில் நெல்லை அம்பாரமாகக் குவித்தால் அது ஒரு சாய்வில் தானாக நிற்கும். அடியில் ஒரு கை அள்ளினால் உச்சியிலிருந்து சரசரவென்று இறங்கி வந்து பழைய சாய்வைப் பிடித்துக்கொள்ளும். மலைச்சரிவின் அடியை வெட்டுவதும் இதுதான். நெல் உடனே இறங்கிவிடும். மண்ணுக்குள் வேரும் ஈரத்தின் ஒட்டும் பாறையின் பிடியும் இருப்பதால் அது 10 வருஷம், 20 வருஷம் காத்திருக்கும். பிறகு ஒரு ராத்திரி மழையில் இறங்கும். ஜனங்கள் மழையைத் திட்டுவார்கள்.

தண்ணீர் சரியாக என்னதான் செய்கிறது? எடை கூடுகிறது, வழுக்கிவிடுகிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். அது பாதி. கார்ல் டெர்சாகி 1920களில் மண்ணியக்கவியலின் அடிப்படையாக வைத்த விஷயம் வேறு. மண்மணிகள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருப்பதால்தான் உராய்வு, உராய்வினால்தான் பிடிப்பு. இடுக்குகளில் தண்ணீர் நிரம்பி வெளியேற வழியில்லாமல் நின்றால் எடையின் ஒரு பங்கை அந்தத் தண்ணீரே தாங்க ஆரம்பிக்கும். மணிகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்திருந்த அழுத்தம் குறையும், உராய்வும் கூடவே குறையும். மேலே ஓடுகிற தண்ணீர் மண்ணை அரிக்கும்; அதையாவது கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். உள்ளே அடைபட்டு நிற்கிற தண்ணீர் சத்தமில்லாமல் மலையைத் தூக்கிக்கொண்டிருக்கும்.

*

இந்தப் பள்ளத்தாக்கில் மலையை வெட்டாமலே சரக்கை ஏற்றி இறக்கிய காலம் ஒன்றும் இருந்தது. அதுவும் இரண்டு முறை.

முதலாவது பெரியாறு அணை. 1887இல் தொடங்கி 1895இல் திறக்கப்பட்ட அந்த வேலைக்கு அம்மையநாயக்கனூர் ரயில் நிலையத்திலிருந்து, அதாவது இன்றைய கொடைக்கானல் ரோட்டிலிருந்து, மாட்டுவண்டிகளில் சாமான் வந்தது. மலையடிவாரம்வரை வண்டி. அதற்குமேல் மலைப்பாதையோடு ஒரு கம்பிவடப் பாதையையும் கட்டினார்கள். மேலே போன சரக்கு கால்வாயிலும் ஆற்றிலும் படகேறி அணைக்குப் போனது. 1899இல் வெளிவந்த ஏ.டி. மெக்கன்சியின் பெரியாறு திட்ட வரலாற்றைப் படித்தால், அணையைக் கட்டியதற்குச் சமமான பாடு அணைக்குச் சுண்ணாம்பைக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் இருந்தது புரியும். பென்னிகுவிக்குக்கு இங்கே வீட்டுக்கு வீடு படம் இருக்கிறது, பொங்கல் வைக்கிறோம், பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கிறோம். வைக்க வேண்டியதுதான். அந்த மலைப்பாதையில் வண்டிமாடு பத்தியவர்களுக்கும் ஒரு பொங்கல் பாக்கி இருக்கிறது என்பேன்.

இரண்டாவது டாப் ஸ்டேஷன். குண்டளைப் பள்ளத்தாக்கில் 1902இல் ஒற்றைத் தண்டவாளத்தில் தொடங்கி 1908இல் குறுகிய பாதை ரயிலாக மாறிய வண்டி, மூணாறின் தேயிலையை மலை விளிம்புக்குக் கொண்டுவரும். அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு தேயிலைப் பெட்டிகள் கொட்டகுடிக்கு இறங்கும். பிறகு போடி. இன்றும் குரங்கணியிலிருந்து நடந்து ஏறுகிறவர்கள் வழியில் 'சென்ட்ரல் ஸ்டேஷன்' என்று ஓர் இடத்தைக் கடப்பார்கள். ரயிலே எட்டிப் பார்க்காத மலையில் சென்ட்ரல் ஸ்டேஷன் எப்படி வந்தது என்று யோசித்திருப்பீர்கள். அந்தக் கம்பிவடத்தின் நடு நிலையம் விட்டுப்போன பெயர் அது.

கம்பிவடத்தில் ஒரு சௌகரியம் உண்டு. கோபுரம் நிற்கும் இடங்களில் மட்டும் மலையைத் தொட்டால் போதும். நடுவில் எந்த ஓடை எப்படிப் போனாலும் அதற்குக் கவலையில்லை. சாலைக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. நூறு இடத்தில் நன்றாக இருந்து நூற்றியோராவது இடத்தில் அறுந்தாலும் முழுச் சாலையும் அறுந்ததுதான்.

1924 ஜூலையில் அதுதான் நடந்தது. மலையாள ஆண்டு 1099 என்பதால் '99 வெள்ளம்' என்று இன்றும் பேசப்படும் அந்த மழையில் மூணாறின் ரயில்பாதை அடித்துப் போனது, மறுபடி கட்டப்படவில்லை. ஆலுவாயிலிருந்து பூயங்குட்டி, மாங்குளம் வழியாக மூணாறுக்கு வந்த பழைய சாலையில் கரிந்திரி மலை சரிந்தது. அந்தச் சாலையும் திரும்பப் பிழைக்கவில்லை. நேரியமங்கலம் வழியாக வேறொரு சாலை போட்டு 1931இல் திறந்தார்கள். ஒரு மலைச்சரிவு ஒரு சாலையை வரைபடத்திலிருந்தே எடுத்துவிட்டதற்கு நம் பக்கத்திலேயே உள்ள உதாரணம் இது. 1928இல் போடிக்கு மதுரையிலிருந்து மீட்டர்கேஜ் ரயில் வந்தது. மலையின் ஏலக்காயும் தேயிலையும் இறங்கவும் அரிசி ஏறவும் போடிமெட்டுப் பாதையின் தேவை கூடிக்கொண்டே போனது. லாரிகளின் காலம் வந்ததும் கம்பிவடம் பழங்கதையாயிற்று, வெட்டிய சாலை நிலைத்தது.

*

அப்படி நிலைக்க வைத்தவர்களில் ஒருவரை எனக்குத் தெரியும். நெடுஞ்சாலைத் துறையில் கேங் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எண்பதை நெருங்கிவிட்டார். ஒரு ஐப்பசியில் அவரோடு முந்தலிலிருந்து புலியூத்துவரை மெதுவாக நடந்தும் நின்றும் போனேன். நான் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டு வந்தேன், அவர் ஒரு தடவைகூட அந்தப் பக்கம் திரும்பவில்லை. மலைப்பக்கச் சுவரையும் ஓரக்கால்வாயையும் மட்டுமே பார்த்தார்.

"காட்சி பாக்க வந்தவுக அங்கிட்டுப் பாப்பாக. சோலிக்கு வந்தவன் இங்கிட்டுப் பாக்கணும் தம்பி" என்றார்.

மலைப்பக்கம் இருக்கிற சுவர் வேறு, பள்ளத்துப் பக்கம் இருக்கிற சுவர் வேறு என்பதே அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. மேல்சுவர், வெட்டிய மலையின் காலடி சரியாமல் பிடிப்பது. கீழ்ச்சுவர், சாலையையே தாங்குவது. இரண்டிலும் வரிசையாகத் துளை விட்டிருப்பார்கள். பின்னால் தேங்கும் தண்ணீர் வடிவதற்கு. அந்தத் துளைகள்தான் அவருக்கு நாடி.

"ஓட்டையில தண்ணி வந்தா நல்லது. தெளிஞ்ச தண்ணியா வந்தா இன்னும் நல்லது. கலங்கி வந்தா உள்ள மண்ணு கரையுதுன்னு அர்த்தம். ராவெல்லாம் மழை பேஞ்சும் ஓட்டை காஞ்சு கெடக்கு பாரு, அங்கன நிக்கப்படாது. வண்டிய எடுத்துட்டுப் போயிரணும்."

அவர் காட்டிய மற்ற அடையாளங்களையும் குறித்துக்கொண்டேன். அடியில் வளைந்து பிறகு நிமிர்ந்த மரங்கள்: மண் மெல்ல நகர்கிறது, மரம் ஒவ்வொரு வருஷமும் தன்னை நேராக்கிக்கொள்கிறது. பள்ளத்து ஓரத்தில் சாலையோடு சேர்ந்தே நீளும் வெடிப்பு: அதில் தார் ஊற்றி மூடுவதற்கு முன், அது போன மாதம் எவ்வளவு அகலம் இருந்தது என்று கேட்க வேண்டும். ஓரக்கற்களின் வரிசை: குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் எந்தக் கல் வெளியே தள்ளியிருக்கிறது என்று தெரிந்துவிடும். மேல்சரிவில் திடீரெனப் பச்சையாகத் தழைத்திருக்கும் ஒரு திட்டு: அங்கே ஊத்து இடம் மாறியிருக்கிறது.

அவர் அதிகம் பேசியது சிறுபாலங்களைப் பற்றி. சாலைக்கு அடியில் ஓடை கடக்கிற அந்தச் சின்னத் திறப்புகள். மேலே நின்று பார்த்தால் இருப்பதே தெரியாது. அதன் வாயில் ஒரு மரக்கட்டை விழும். கட்டையில் சருகு சிக்கும். சருகில் மண் படியும். அன்றைக்கு ஒன்றும் ஆகாது. அடுத்த மழையில் ஓடைக்கு வழியில்லாமல் தண்ணீர் ஓரக்கால்வாயில் திரும்பும், கால்வாய் நிறைந்தால் சாலையின் குறுக்கே பாயும், கீழ்ச்சுவரின் முதுகுக்குள் இறங்கும். கீழ்ச்சுவர் சரிந்த இடத்துக்கு மறுநாள் அதிகாரிகள் வந்து நிற்பார்கள். அடைபட்ட பாலமோ அங்கிருந்து கண்ணுக்கே தெரியாத தூரத்தில், மேல் வளைவில் இருக்கும்.

"செவுரு விழுந்தா செவுரு கட்டுவாக. பாலத்துல கெடந்த கட்டைய எவன் பாத்தான்?"

*

இதே சாலையைப் படித்தவர்களும் அளந்திருக்கிறார்கள். எம். கண்ணன், இ. சரநாதன், ஆர். அன்பழகன் ஆகிய மூவரும் போடி முதல் போடிமெட்டு வரையிலான மலைப்பகுதியின் நிலச்சரிவு அபாயத்தை வரைபடமாக்கிய ஆய்வு 2013இல் ஒரு சர்வதேச புவியியல் ஆய்விதழில் வந்தது. அதில் அன்பழகன் என்ற பெயரை இந்தத் துறையில் உள்ள எவருக்கும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ரூர்க்கியில் இருந்துகொண்டு இமயமலைச் சரிவுகளுக்காக அவர் 1992இல் வெளியிட்ட மதிப்பெண் முறைதான் பின்னால் 1998இல் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் நெறிமுறையானது.

அந்த முறை எளிமையானது. சரிவைச் சின்னச் சின்ன முகங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் 10க்கு மதிப்பெண் போட வேண்டும். பாறை வகைக்கு 2, பாறையின் விரிசல் அமைப்புக்கு 2, சாய்வுக்கு 2, நிலப் பயன்பாட்டுக்கு 2, உயர வேறுபாட்டுக்கு 1, நிலத்தடி நீர் நிலைமைக்கு 1. ஏழரையைத் தாண்டினால் மிக அதிக அபாயம். மதிப்பெண் குறைவாக வாங்கினால் பாஸ் என்கிற ஒரே பரீட்சை இது.

தண்ணீருக்கு ஒரே ஒரு மதிப்பெண்தானா என்று எனக்கும் முதலில் பட்டது. காரணம் உண்டு. மழையையும் நிலநடுக்கத்தையும் இந்த முறை வேண்டுமென்றேதான் வெளியே வைக்கிறது. மலைக்குள்ளே ஏற்கெனவே இருக்கும் பலவீனத்தைத்தான் அது அளக்கிறது. மழை தூண்டிவிடுகிற கை. அதை வேறு கணக்கில் பார்க்க வேண்டும். நியாயமான பிரிவினைதான், பெரியவர் ஒப்புக்கொள்வாரா என்பது வேறு விஷயம்.

பாறையின் விரிசல் அமைப்புக்கு இரண்டு மதிப்பெண் கொடுத்ததன் அருமை போடிமெட்டில் தெரியும். இங்கே மலையின் உடம்பு சார்னோகைட், நைஸ் போன்ற பழைய கடும்பாறை. பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வகத்துக்குக் குகை குடைய இந்த மேற்குமலையைத் தேர்ந்தெடுத்ததற்குப் பாறையின் உறுதியும் ஒரு காரணம். அப்படிப்பட்ட பாறை சாலையில் ஏன் விழுகிறது? பாறை உறுதிதான், ஆனால் அது ஒரே துண்டு இல்லை. விரிசல்கள் அதை அடுக்கடுக்காகப் பிரித்து வைத்திருக்கின்றன. விரிசல் மலையின் உள்பக்கமாகச் சாய்ந்திருந்தால் பயமில்லை. சாலையைப் பார்த்துச் சாய்ந்திருந்து, அந்தச் சாய்வு வெட்டிய முகத்தைவிடக் குறைவாகவும் பாறையின் உராய்வு தாங்கும் கோணத்தைவிட அதிகமாகவும் இருந்தால், மேலே உள்ள பலகை வழுக்கிக்கொண்டு வரும். அந்த உராய்வுக் கோணம் பொதுவாக 30 பாகைக்குப் பக்கத்தில். ஒரே மலையை ஒரு பக்கமாக வெட்டினால் 100 வருஷம் நிற்கும், இன்னொரு பக்கமாக வெட்டினால் வெட்டும்போதே விழும் என்பது இதனால்தான். கொண்டை ஊசி வளைவில் சாலை திசை திரும்பும்போது, மேலே பயமில்லாமல் இருந்த விரிசல் கீழே பயமுள்ளதாக மாறுகிறது. விரிசல்களில் தண்ணீர் இறங்கி முனைகளைத் தின்றுவிட்ட இடங்களில் பாறை உருண்டையாகி மண்ணுக்குள் பதிந்திருக்கும். மண் கரைந்ததும் தேர்ச்சக்கரம் மாதிரி சாலைக்கு வரும். 'பாறை உருண்டு போக்குவரத்துப் பாதிப்பு' என்று நாளிதழில் படிப்பது இதைத்தான்.

கண்ணன் குழுவின் ஆய்வு இன்னொரு வழியையும் எடுத்துக்கொண்டது: ஏற்கெனவே சரிந்த இடங்களைக் கணக்கெடுப்பது. ஒரு பேச்சுக்கு, மொத்த நிலத்தில் 10 சதவீதம் மட்டுமே உள்ள ஒரு வகைச் சாய்வில் மொத்தச் சரிவுகளில் 30 சதவீதம் நடந்திருந்தால் அதன் விகிதம் 3. ஒன்றைத் தாண்டியதெல்லாம் சந்தேகத்துக்குரியது. இப்படி ஒவ்வொரு காரணியையும் கூட்டி வரைபடத்துக்கு நிறம் பூசுவார்கள்.

இந்த முறையின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஒரு சந்தேகமும் உண்டு. பழைய சரிவுகளின் பட்டியல் எங்கிருந்து வருகிறது? சாலை அடைபட்ட இடங்களிலிருந்துதான் பெரும்பாலும் வரும். காட்டுக்குள் யாருக்கும் தெரியாமல் சரிந்தது பதிவாவதில்லை. பட்டியலில் சாலையோரம் அதிகமாகத் தெரிவதற்குச் சாலை வெட்டியதும் காரணம், சாலையில்தான் கண்கள் இருக்கின்றன என்பதும் காரணம். இரண்டையும் பிரிப்பது லேசில்லை. அளவு என்பது இன்னொரு விஷயம். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 2014 முதல் நாடு முழுக்கச் செய்த நிலச்சரிவு வாய்ப்பு வரைபடம் 1:50,000 அளவில் ஆனது. அதில் ஒரு சென்டிமீட்டர் அரைக் கிலோமீட்டர். சாலை ஒரு பென்சில் கோட்டைவிட மெல்லியது. எந்த மலைக்கு முதலில் பணம் ஒதுக்குவது என்று முடிவெடுக்க அந்த வரைபடம் போதும். எந்தப் பாலத்தில் கட்டை கிடக்கிறது என்று அதில் தெரியாது. இரண்டும் வேண்டும். முதலாவது அச்சாகிறது, இரண்டாவதைத் தலைக்குள் வைத்திருக்கிறவர்கள் ஓய்வு பெற்றுவிடுகிறார்கள்.

*

மூணாறுக்கும் போடிமெட்டுக்கும் இடையிலான 42 கிலோமீட்டரை அகலப்படுத்தும் வேலை 2017இல் தொடங்கியது. தேவிகுளத்தைத் தாண்டியதும் வரும் கேப் ரோட்டில் மலையின் முகத்தையே வெடி வைத்து வெட்டினார்கள். 2019 ஜூலையில் அங்கே சரிந்தது. அக்டோபரில் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே பெரிதாகச் சரிந்து தொழிலாளர் உயிரும் போனது. 2020இல் மறுபடியும் சரிந்தது, கீழே இருந்த விளைநிலங்கள் பாறையில் புதைந்தன. வெடி வைத்த முறைதான் காரணம் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. சாலை 2024 ஜனவரியில்தான் முறைப்படி திறக்கப்பட்டது. இப்போது அதில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். அழகான சாலைதான், நானும் எடுத்தேன்.

வெடியில் ஒரு நுட்பம் இருக்கிறது. வெட்டு முகத்தின் எல்லையில் நெருக்கமாகத் துளையிட்டு, குறைந்த மருந்தில், முதலில் ஒரு பிளவை உண்டாக்கிக்கொண்டு பிறகு உள்ளே வெடித்தால் நிற்கப்போகிற பாறை அதிராது. மொத்தமாக மருந்தைத் திணித்து வெடித்தால் கல் சீக்கிரம் வரும். ஆனால் நிற்கப்போகிற பாறைக்குள்ளும் புது விரிசல்கள் ஓடியிருக்கும். அடுத்த மழைக்காலம் அந்த விரிசல்களைத் தேடிப் பிடித்துக்கொள்ளும்.

சாலை அடைபட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? செய்திகளில் சுற்றுலாப் பயணிகள் அவதி என்று வரும். பள்ளத்தாக்கில் விடிவதற்கு முன்னால் எழுந்து பார்த்தவர்களுக்கு வேறு கதை தெரியும். போடி, தேவாரம், கம்பம், கூடலூர் பக்கத்து ஊர்களிலிருந்து தினமும் ஜீப்புகளில் நெருக்கியடித்து உட்கார்ந்து ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்கள் மெட்டு ஏறுகிறார்கள். சாயந்திரம் இறங்குகிறார்கள். சாலை ஒரு நாள் மூடினால் அன்றைய கூலி இல்லை. சுற்றுவழியில் போனால் ஜீப் வாடகை கூடும், தோட்டத்துக்குப் போய்ச் சேர்வதும் நேரமாகும். கண்ணுக்குத் தெரியும் நஷ்டம் இது. தெரியாதது, அவர்கள் ஒவ்வொரு நாளும் அதே சரிவுக்குக் கீழே இரண்டு தடவை போகிறார்கள் என்பது. சுற்றுலா வருகிறவர் வருஷத்துக்கு ஒரு தடவை போகிறார். அபாயத்தைக் கணக்கிடும்போது மலையின் பலவீனத்தோடு, அதன் கீழே யார் எத்தனை முறை கடக்கிறார்கள் என்பதையும் பெருக்க வேண்டும் என்று பாடநூல்களிலேயே இருக்கிறது. அந்தப் பெருக்கலைப் போட்டால் போடிமெட்டுச் சாலையின் உண்மையான உரிமையாளர்கள் யாரென்று விளங்கிவிடும்.

*

1997இல் தமிழகத்தில் சுமார் 10,000 சாலைப் பணியாளர்கள் நியமிக்கப்பட்டார்கள். 2002 செப்டம்பரில் அத்தனை பேரும் ஒரே உத்தரவில் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். 2006இல் மீண்டும் எடுக்கப்பட்டார்கள். இடைப்பட்ட 41 மாதங்களைப் பணிக்காலமாகக் கருத வேண்டும் என்ற போராட்டம் அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் நடந்தது. தொழிற்சங்க வரலாற்றில் இது ஒரு அத்தியாயம். நான் இதை மலைச்சாலை வரலாற்றிலும் வைக்கச் சொல்கிறேன். சமவெளிச் சாலையில் ஓரப்புதரை வெட்ட ஆளில்லாவிட்டால் அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதான். மலைச்சாலையில் சிறுபாலத்தை வாரப் பணியாளர் இல்லாவிட்டால் அதன் பலன் மூன்றாவது, நான்காவது மழையில் வரும். அப்போது அதையும் இதையும் முடிச்சுப் போட யாருக்கும் தோன்றாது. இப்போது இந்த வேலைகள் பெரும்பாலும் ஒப்பந்தத்துக்குப் போகின்றன. ஜேசிபி வரும், சரிந்த மண்ணை அள்ளும், போகும். சரிந்த மண்ணை அதன் காலடியிலிருந்து அள்ளுவது அம்பாரத்தின் அடியில் கை வைப்பதுதான் என்பதை அந்த ஓட்டுநரிடம் யாராவது சொல்லியிருக்க வேண்டும். அவசரத்தில் யார் சொல்வது, அந்தப் பக்கம் நூறு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும்போது.

புது வழிகளும் வந்திருக்கின்றன. 2009 நவம்பரில் நீலகிரியில் சில நாட்களுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சரிவுகள் நடந்து 40க்கும் அதிகமானோர் இறந்த பிறகு, தமிழ்நாட்டில் இந்த விஷயத்தைப் பேசுகிற தொனியே மாறியது. அங்கே நெடுஞ்சாலைத் துறை சில சரிவுகளில் மண்ணுக்குள் நீளமான இரும்புக் கம்பிகளைத் துளையிட்டுச் செருகி, சிமென்ட் கலவை ஊற்றிப் பிணைத்து, மேலே கம்பிவலை போர்த்தி, விதையும் உரமும் கலந்த கூழைப் பீய்ச்சிப் புல் வளர்த்திருக்கிறது. நகராத மண்ணில் நங்கூரம் போட்டு நகரும் மண்ணைப் பிடித்துவைக்கும் வேலை. புல் மழைத்துளியின் அடியைத் தாங்கும். அதன் வேர் மேல் அடுக்கை மட்டும் பிடிக்கும். வெட்டிவேர் ஆழமாகப் போகும் என்று உலக வங்கி 1980களிலிருந்து உலகம் பூராவும் அதைப் பரப்பியது. நம் வீட்டு மண்பானைத் தண்ணீரில் கிடந்த வேர் அப்படி ஊர் சுற்றியிருக்கிறது. கல்லைக் கம்பிவலைப் பெட்டிக்குள் அடுக்கிக் கட்டும் சுவர்கள் எங்கள் மலைகளிலும் பார்க்கக் கிடைக்கின்றன. சிமென்ட் சுவரைவிட எனக்கு அவற்றைப் பிடிக்கும். உடம்பு முழுக்க ஓட்டை என்பதால் தண்ணீர் தடையில்லாமல் வடியும், மண் கொஞ்சம் நகர்ந்தால் சுவரும் உடையாமல் கூடவே நெளியும்.

ஆனால் ஆணி அடித்த சரிவுக்கும் மேலே ஒரு வாய்க்கால் வேண்டும். மலையிலிருந்து இறங்கும் தண்ணீரை வெட்டு முகத்துக்கு வரவிடாமல் பக்கத்து ஓடைக்குத் திருப்பிவிடுகிற வாய்க்கால். சாலையிலிருந்து பார்த்தால் அது தெரியாது. புதரைப் பிடித்து ஏறிப் போய்த்தான் பார்க்க வேண்டும். அதில் விரிசல் விட்டால் வாய்க்கால் இல்லாமலிருப்பதைவிட மோசம், சேர்த்த தண்ணீரையெல்லாம் ஒரே இடத்தில் மலைக்குள் இறக்கிவிடும். ஆணியும் வலையும் திட்டச் செலவில் வரும், பலகை வைப்பார்கள். வாய்க்காலை வருஷா வருஷம் ஏறிப் பார்ப்பது பராமரிப்புச் செலவு. இரண்டாவதற்குப் பலகை கிடையாது.

கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்குப் போகிற வண்டிகள் இந்தப் பள்ளத்தாக்கில் குவிந்துவிடும். நெரிசல் மிகுந்த நாட்களில் போகும் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாக ஏற்றி, திரும்பும் வண்டிகளைக் குமுளி வழியாக இறக்குவது வழக்கம். எங்கள் சரிவுகள் வருஷத்தில் அதிகம் ஊறியிருக்கும் மாதமும் அதுதான். பெரியவரின் கேங்கில் அதற்கொரு கணக்கு வைத்திருந்தார்களாம். ஆடிக்காற்று ஓய்ந்ததும் மேல்வாய்க்காலுக்கு ஏறுவது, ஆவணியில் ஓரக்கால்வாய், புரட்டாசி முடிவதற்குள் பாலங்கள் அத்தனையும். பாலத்துக்குள் குனிந்து போய் அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிகிறதா என்று ஒருத்தர் பார்த்து, "தெரியுது" என்று உள்ளேயிருந்து சத்தம் கொடுக்க வேண்டும். அதற்கப்புறம்தான் மேஸ்திரி நோட்டில் அந்தப் பாலத்துக்கு நேரே ஒரு கோடு போடுவார்.